மோட்டாரில் சிக்கிய சாமந்தி



போன மாதக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். நம் செயலாளர் பின்னாலேயே வந்து, "சார், அடுத்த மாதம் நீங்கதான். உங்க வீட்டு மீன்தொட்டியைப் பத்தியே பேசிடுங்க" என்றார். தொட்டியைப் பற்றி முழுக்கப் பேச ஆரம்பித்தால் நூலகக் காவலாளி வந்து விளக்கை அணைக்க வேண்டியிருக்கும். அதனால் தொட்டியில் குடியிருக்கும் ஒரே ஓர் உயிரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு விடியற்காலையில் அடிபட்டது. அது எப்படித் தேறியது, நான் எங்கே உதவினேன், எங்கே கெடுத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

கடல் சாமந்தி. இருபத்தெட்டு வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அதை வரைந்து காட்டியவன் நான். பேர்தான் பூ, ஆள் விலங்கு. ஜெல்லிமீனுக்கும் பவளத்துக்கும் பங்காளி. கீழே பாறையைக் கவ்வும் பாதம், நடுவில் தூண் போல உடம்பு, உச்சியில் ஒரு தட்டு, தட்டுக்கு நடுவில் வாய், சுற்றிலும் கைகள். புத்தகம் அவற்றை உணர்நீட்சிகள் என்கிறது. நான் கைகள் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான். எலும்பு கிடையாது, ஓடு கிடையாது, மூளையும் கிடையாது. உடம்பு முழுக்க வலை பின்னினாற்போல நரம்பு. அப்படியானால் அது எப்படி நிமிர்ந்து நிற்கிறது? வாயை மூடிக்கொண்டு உள்ளே தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறது. சைக்கிள் டியூபுக்குக் காற்று எப்படியோ, அதற்குத் தண்ணீர் அப்படி. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என்னிடம் இருப்பது கடைக்காரர்கள் 'பபுள் டிப்' என்று சொல்லும் ரகம். எண்டாக்மேயா குவாட்ரிகலர் என்பது ஏட்டுப் பெயர். கைகளின் நுனியில் திராட்சை போலக் குமிழ் வைத்திருக்கும். சில நாள் குமிழ் இருக்காது, சில நாள் இருக்கும். அது அதன் இஷ்டம்.

விபத்து நடந்தது ஒரு மே மாதத்தில். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று தொட்டிக்கென்றே வைத்திருக்கிறேன். அதைப் போட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். ஐந்தரைக்கு இறங்கி வந்தால் கரண்ட் வந்திருக்கிறது. ஆனால் தொட்டிப் பக்கமிருந்து வழக்கமான 'உம்' சத்தம் இல்லை; மிக்ஸியில் துணி சிக்கினாற்போல ஒரு 'கர்ர்ர்'. நீரோட்டத்துக்காகப் பக்கக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் மோட்டார் அது, வேவ் மேக்கர் என்பார்கள். அதன் கூண்டு இடுக்குகளுக்குள் என் சாமந்தி பாதி உடம்போடு இழுபட்டுக் கிடந்தது.

முந்தின நாள் நான்தான் பாறைகளை மாற்றி அடுக்கியிருந்தேன். அது பிடிக்காமல் சாமந்தி வீடு மாறக் கிளம்பியிருக்கிறது. சாமந்திகள் நடக்கும், தெரியுமா? பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒரே ராத்திரியில் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். மோட்டார் ஓடும்போது அது அருகே போனதில்லை. அன்றைக்கு மோட்டார் நின்றிருந்தது. போய்ச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. கரண்ட் வந்தது.

சுவிட்சை அணைத்தேன். அதுவரை சரி. அடுத்த நொடியே கையை உள்ளே விட்டு இழுத்தேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் விரலுக்குத் தெரிந்தது: நனைந்த பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒன்று. பாதத்தின் விளிம்பிலிருந்து தூணின் பாதி உயரம் வரை கிழிசல். பதினைந்து இருபது கைகள் கூண்டிலேயே தங்கிவிட்டன. கிழிசல் வழியாக உள்ளிருந்து வெள்ளை இழைகள், வெந்த சேமியா போலத் தொங்கின. அவை அதன் சீரண இழைகள். மோட்டார் செய்த சேதம் பாதி, நான் செய்தது பாதி.

என்ன செய்திருக்க வேண்டும்? கண்ணாடியிலிருந்து மோட்டாரை அப்படியே, சாமந்தியோடு சேர்த்து, கழற்றியிருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதற்குள் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டு, காபி போடப் போயிருக்க வேண்டும். உறிஞ்சல் நின்றுவிட்டால் பெரும்பாலும் அது தானே சுருங்கி, சிக்கிய கைகளை உருவிக்கொண்டு வெளியே வரும். ஒரு மணி நேரம் ஆகலாம், மூன்று மணி நேரம் ஆகலாம். வராவிட்டால் வெட்டுகுறட்டால் பிளாஸ்டிக் கூண்டை வெட்டலாம். கூண்டு கடையில் கிடைக்கும்.

பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டியிருக்கும் சாமந்தியை எடுக்கும்போதும் இதே கதைதான். 'கையால ஒரு இழு இழுத்தா வந்துடும் சார்' என்று ஒரு கடையில் எனக்கே சொல்லியிருக்கிறார்கள். வரும், பாதம் இல்லாமல் வரும். கை போனால் அதற்குப் பெரிய விஷயமில்லை, முளைத்துவிடும். பாதக் கிழிசல் அப்படியல்ல. உடம்பைத் தாங்கும் தண்ணீர் அழுத்தம் அங்கேதான் ஓட்டையாகிறது; பிடிமானமும் போகிறது. கிழிசல் மேலேறி வாய் வரைக்கும் போய்விட்டால் பிழைப்பது கஷ்டம். அதனால் ஒட்டியிருப்பதை எடுக்க, விரல் நகத்தால் பாதத்தின் ஓரத்தை மெதுவாக நெருடிக்கொண்டே இருக்கலாம். பாதத்துக்குப் பின்புறம் பாறையில் ஒரு ஐஸ் கட்டியை வைத்துப் பார்க்கலாம். பாறையோடு சேர்த்தே எடுத்துவிடலாம். இழுப்பதைத் தவிர எதையும் செய்யலாம்.

வெட்டுப்பட்டால் முளைக்கும் என்றேனே, அது கிட்டத்தட்ட 300 வருஷத்துச் சமாசாரம். நம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில் காட்டுவோமே ஹைட்ரா, அதை 1740இல் ஹாலந்தின் ஹேக் நகருக்கு அருகே ஆபிரகாம் டிரெம்ப்ளி என்பவர் வெட்டிப் பார்த்தார். ஒரு பிரபுவின் வீட்டில் இரண்டு பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியார் அவர், என் ஜாதி. வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் முழு ஹைட்ரா ஆனது. பிறகு பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தில் டிக்மார் என்ற பாதிரியார் கடல் சாமந்திகளையே வெட்டி, திரும்பத் திரும்ப வெட்டி, அவை திரும்பத் திரும்ப முளைப்பதை எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார், 1773இல் அச்சானது. இன்றைக்கு ஆய்வகங்களில் இதற்கென்றே நெமடோஸ்டெல்லா என்ற ஒரு குட்டிச் சாமந்தியை வளர்க்கிறார்கள். கழிமுகச் சேற்றில் புதைந்து வாழ்கிற, விரல் அளவுகூட இல்லாத ஜீவன். அதன் மரபணுத் தொகுதியை 2007இல் வெளியிட்டார்கள். குறுக்கே வெட்டினால் புண் சில மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது, ஒரு வாரத்தில் வாயும் கைகளும் புதிதாக வந்துவிடுகின்றன.

இதையெல்லாம் வகுப்பில் ஒப்பித்தவன்தான் நான். அன்று காலை அது ஒன்றும் ஆறுதலாக இல்லை. ஆய்வகத்தில் கத்தி கூர்மை, வெட்டு நேர்த்தி, தண்ணீர் சுத்தம். என் தொட்டியில் கிழிசல் கந்தல், தண்ணீரில் மீன் எச்சம், வெளியே மே மாதம். முளைக்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். அது முளைத்து முடிக்கும்வரை அழுகாமல் இருக்க வேண்டும். அழுகுவதும் அழுகாததும் தண்ணீர் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு கிழவியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்பவர் 1828இல் நார்த் பெரிக் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு சிவப்புச் சாமந்தியை எடுத்துவந்து எடின்பரோவில் ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்தார். மோட்டார் இல்லை, பில்டர் இல்லை, விளக்கு இல்லை. இருபது வருஷத்தில் 334 குட்டி போட்டது. 1851இல் டாலியெல் போய்விட்டார், சாடி கைமாறியது. வாங்கியவரும் போனார், இன்னொருவர் வாங்கிக்கொண்டார். 'பாட்டி' என்றே அதற்குப் பெயர் நிலைத்து, கடைசியில் எடின்பரோ தாவரவியல் பூங்காவின் பராமரிப்பில் 1887இல் செத்தது. 'ஸ்காட்ஸ்மன்' பத்திரிகை இரங்கல் குறிப்பு போட்டது. 59 வருஷம்! இத்தனை பேரும் அதற்குச் செய்தது என்ன என்று பார்த்தால், கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினார்கள், எப்போதாவது ஒரு துண்டு சிப்பிக் கறி கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அதை மறக்காமல் செய்தார்கள். நம்மில் பலர் பத்தாயிரம் ரூபாய்க்கு விளக்கு வாங்குவோம், பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றமாட்டோம்.

பாட்டிக்கு விளக்கு தேவைப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. குளிர்ந்த கடலின் அந்த ரகம் இரை பிடித்தே வாழும். என் பபுள் டிப் பவளக் கடல்வாசி. அதன் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சர்க்கரை சமைத்து வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. அடிபட்ட சாமந்திக்கு ஓய்வு கொடுக்கிறேன் பேர்வழி என்று நாள்கணக்கில் விளக்கை அணைத்துப் போட்டால் அடுப்பை அணைத்த மாதிரி. பிழைக்க வேண்டும் என்று திடீரென வெளிச்சத்தைக் கூட்டினாலும் தப்பு. வழக்கமான நேரம், வழக்கத்தைவிடச் சற்றே மங்கல். அது போதும்.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். காய்கறி கழுவும் பிளாஸ்டிக் சல்லடைக் கூடை ஒன்று புதிதாக வாங்கி, அதற்குள் ஒரு வழவழப்பான பாறையை வைத்து, அதன் மேல் சாமந்தியை, பாதம் கீழே இருக்கும்படி, விட்டேன். கூடையைத் தொட்டிக்குள்ளேயே ஓட்டம் குறைந்த மூலையில் தொங்கவிட்டேன். தனித் தொட்டிக்கு மாற்றவில்லை. புதுத் தண்ணீர் என்பது அதற்கு இன்னொரு அடி. தொட்டியிலிருக்கும் கோமாளி மீன் ஜோடி கூடைக்கு வெளியே நின்று முட்டிக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் அவை சாமந்திக்கு நல்ல துணைதான். புண்ணோடு கிடப்பதன் மேல் நாள் முழுக்க உரசிக்கொண்டிருந்தால் ஆறாது. என் பேத்திக்கு இது புரியவில்லை. "நீமோ வீட்டை ஏன் தாத்தா பூட்டிட்ட?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு தண்ணீர். அம்மோனியா சோதித்தேன், நிறம் லேசாகப் பச்சை காட்டியது. கிழிந்த தசை கரைய ஆரம்பித்திருந்தது. அன்றே கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். மறுநாளும், அதற்கு மூன்றாம் நாளும். மாற்றும் தண்ணீரின் உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். உப்பு ஒப்படர்த்தி அளவில் 1.025, சூடு 26 டிகிரிக்குள். நம் ஊர்க் கோடையில் கவனிக்க வேண்டிய ஒன்று: தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. தொட்டி ஒரு விரற்கடை இறங்கினால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். அதை ஈடுகட்ட ஆர்.ஓ. நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. இந்தத் தப்பைச் செய்யாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கூடவே ஒரு பை கரித்தூள், ஆக்டிவேடட் கார்பன், பில்டரில் போட்டேன். அடிபட்ட சாமந்தி தண்ணீரில் விடும் விஷத்தையும் சளியையும் அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

மருந்து? எல்லோரும் கேட்பது இதைத்தான். மீனுக்கு வாங்கிய மருந்துப் புட்டியில் செம்பு கலந்திருக்கலாம். மீனுக்கு அது மருந்து, சாமந்திக்கு எமன். தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைத் தனித் தொட்டியில் கரைத்து, தினமும் தண்ணீரை மாற்றி வைத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்திலிருந்து பயணப்பட்டு வந்து, கிருமி தொற்றி, நாள்தோறும் வீங்குவதும் வற்றுவதுமாகக் கிடக்கும் சாமந்திக்கு அது. வெறும் கிழிசலுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. பெரிய தொட்டியில் கரைத்தீர்களோ, தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகும். பிறகு சாமந்திக்கு மட்டுமல்ல, மீனுக்கும் சேர்த்து அழ வேண்டிவரும்.

கையைத் தண்ணீரில் விடும்போது உறை போட்டுக்கொள்ளுங்கள். பபுள் டிப் தொட்டால் உள்ளங்கையில் பசை போல ஒட்டும், அவ்வளவுதான். ஆனால் முழங்கை உட்புறத்தில் பட்டால் தடித்துப்போகும். சிலருக்கு முதல் தடவை ஒன்றும் ஆகாது, இரண்டாம் தடவை மூச்சு முட்டும். ஒவ்வாமையின் இந்தக் கொடூர வடிவத்தை உலகம் அறிந்துகொண்டதே சாமந்தி விஷத்தால்தான். பாரிஸில் ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் 1902இல் நாய்களுக்கு அந்த விஷத்தை ஊசியில் ஏற்றினார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து இரண்டாவது ஊசி போட்டபோது அரை மணிக்குள் செத்துவிட்டது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் மூன்று நாள் என் சாமந்தி பார்க்கச் சகிக்கவில்லை. காற்றுப் போன பலூன். வெள்ளை இழைகள் மெல்ல உள்ளே போய்விட்டன, அது நல்ல குறி. நாலாம் நாள் வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் கயிறு போல ஏதோ வந்தது. பதறி எழுந்துவிட்டேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது: வேண்டாத பாசியை அது அப்படித்தான் கழித்துக் கட்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளிருக்கும் பழைய தண்ணீரை விட்டுவிட்டுச் சுருங்குவதும், புதுத் தண்ணீர் நிரப்பி எழுவதும் அதற்கு மூச்சு விடுகிற மாதிரி. சுருங்கியதும் செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தது வாயை. வாய் இறுக மூடியிருந்தால் நம்பிக்கை. தொளதொளவென்று பிளந்து, உள்பக்கம் வெளியே பிதுங்கி, நாள் கணக்கில் அப்படியே கிடந்தால் நம்பிக்கை குறைவு.

செத்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? மூக்கால். செத்த சாமந்தியின் நாற்றம் அழுகிய முட்டைக்கு அண்ணன்; சந்தேகமே வராது. தொட்டால் கஞ்சி போலக் கரையும். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியே விஷமாகிவிடும். தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்னால் தொட்டியில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் பாதம் கூடைப் பாறையைக் கவ்வியிருந்தது. விரலால் லேசாக அசைத்தேன், வரவில்லை. அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதற்குச் சாப்பாடு போட அவசரப்படவில்லை. புண்ணோடு இருக்கும்போது பெரிய துண்டைக் கொடுத்தால், சீரணிக்கத் தெம்பில்லாமல் மறுநாள் வாந்தி எடுக்கும், தண்ணீரும் கெடும். இரண்டு வாரம் கழித்து இறாலைப் பச்சைப்பயறு அளவுக்கு நறுக்கி, பைப்பெட்டில் உறிஞ்சி, ஒரு கையின் நுனியில் வைத்தேன். கை முதலில் சும்மா இருந்தது. பிறகு நுனி சுருண்டது. பக்கத்துக் கை வந்து தாங்கியது, அதற்குப் பக்கத்துக் கையும். மூன்றும் சேர்ந்து துண்டை நடுவுக்குத் தள்ளின. வாய் ஒரு கோடு போலத் திறந்து, வாங்கி, மூடிக்கொண்டது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பேத்தி என் தோளில் சாய்ந்து நின்று பார்த்தாள். எங்கள் சண்டை அதோடு தீர்ந்தது.

கிழிசல் இருந்த இடம் ஒரு மாதத்தில் தழும்பு போலக் கோடாகி, பிறகு அதுவும் தெரியவில்லை. போன கைகளுக்குப் பதிலாகக் குட்டையாக, வெளிறிய நிறத்தில் புதுக் கைகள் வரிசையாக வந்தன. பால் பல் விழுந்த பிள்ளை சிரிக்கிற மாதிரி கொஞ்ச நாள் ஒரு பக்கம் மட்டும் குட்டையாக இருந்தது.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய் ஒரு சாமந்தி வாங்கலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். புதுத் தொட்டியில் அது பிழைக்காது, தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும். கோமாளி மீனைப் பண்ணையில் பொரிக்க வைக்கிறார்கள்; நம் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அதைச் செய்திருக்கிறது. ஆனால் கடைக்கு வரும் கம்பளச் சாமந்தி போன்ற பிற ரகங்கள் பெரும்பாலும் கடலிலிருந்து பெயர்த்தவை. வெள்ளைவெளேரென்று இருப்பதை அழகு என்று வாங்காதீர்கள், அது பாசியை இழந்த பசி. பளீர் மஞ்சளாக இருந்தால் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால், நண்பர் வீட்டுத் தொட்டியில் பிரிந்த பபுள் டிப்பை வாங்குங்கள். கூடவே அழகுக்குப் பவளம் வைக்கலாமே என்று யாராவது சொன்னால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்குச் சமமான இடம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

பிரிந்த என்றேன் அல்லவா. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், ஒருநாள் காலையில் பார்த்தால் கூடைப் பாறையில் என் சாமந்தி நீள்வட்டமாக இழுபட்டுக் கிடந்தது. மறுபடி யார் கிழித்தார்கள் என்று பதறினேன். சாயங்காலம் இரண்டாகிவிட்டது. அதன் பாதம் இரண்டு பக்கமாக நடந்து, தானே தன்னை நடுவில் கிழித்துக்கொண்டிருக்கிறது. நான் கையால் செய்ததை அது பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாகச் செய்தது. இப்போது கோமாளி மீன்களில் பெரியது ஒன்றிலும் சின்னது மற்றதிலும் படுக்கின்றன. எது பழையது, எது புதிது என்று பேத்தி கேட்கிறாள். இரண்டும்தான் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாள்.

மோட்டார் கூண்டின் மேல் இப்போது ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டியிருக்கிறேன். ஸ்பாஞ்சில் அழுக்கு அடைத்தால் ஓட்டம் குறைந்துவிடும், வாரம் தவறாமல் கழற்றிக் கழுவ வேண்டும். இந்தச் சொற்பொழிவைத் தயாரிக்கிற மும்முரத்தில் இந்த வாரம் கழுவவில்லை. கேள்விகள் இருந்தால் சீக்கிரம் கேளுங்கள், நான் வீட்டுக்குப் போக வேண்டும்.